ஆனந்தராசாவின் றோமாபுரிப் பருப்பு

ஆனந்தராசா என்னுடைய கணவர். அதற்காக அவரைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்லுவேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரே அடுப்படியில் அவரோடு இத்தனை வருடம் நின்று வெந்தவள் நான். அவர் நல்ல சமையல்காரர், அதைவிட நல்ல கதைகாரர். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் பிரச்சினை. கதைத்துக்கொண்டு சமைத்தால் உப்புப் போட மறந்துபோகும். கறியில் உப்பில்லை என்று சொன்னால், "உமக்கு நாக்குச் செத்துப்போச்சு" என்பார். கடைக்கு வருகிற சனம் நல்ல சனம். ஒருவரும் முறையிடுவதில்லை, மேசையில் இருக்கிற உப்புப் போத்தலைப் பேசாமல் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் சாப்பாட்டுக்கடை மொன்றியலில், விக்டோரியா அவென்யூவில் இருக்கிறது. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோற்றுப் பார்சல், நாள் முழுக்க வடையும் றோல்ஸும். இவர் இந்த நாட்டுக்கு வந்து முதலில் கோப்பை கழுவினது இத்தாலிக்காரரிடம், ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில். அங்கே மூன்று விஷயம் படித்தார். தக்காளியை மணந்து பார்த்து வாங்குவது, இத்தாலி பாஷையில் பேசுவது, அதாவது திட்டுவது, அடுத்தது உலகத்தில் உள்ள எல்லாம் றோமாபுரியில்தான் தொடங்கியது என்று நம்புவது. மூன்றாவதை அந்த முதலாளி ஒவ்வொரு கோப்பையோடும் சேர்த்துச் சொல்லுவாராம். சொந்தக் கடை போட்ட பிறகும் இவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. தண்ணீர்க் குழாய் உடைந்து திருத்தவந்த ஆளுக்கும் றோமாபுரிக் கதைதான் கிடைத்தது.

எங்களுக்குப் பக்கத்துக் கடை மோரிஸ் லைபோவிச்சுடையது. திறப்பு, அதாவது சாவி, வெட்டுவார், பூட்டுத் திருத்துவார். யூத மனிதர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் கடைக்கு அவர் முதல்முதல் வந்தது சண்டைபிடிக்கத்தான். எங்களுடைய எண்ணெய்ப் புகை சுவருக்குள்ளால் போய், அவருடைய கடையில் தொங்குகிற திறப்பெல்லாம் கறிவேப்பிலை மணக்கிறதாம். இவர் மன்னிப்பும் கேட்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். லைபோவிச் அந்தப் பீங்கான் கோப்பையைப் பார்த்தபடி நின்றார்.

யூதருடைய சாப்பாட்டு ஆசாரம் எங்கள் ஆட்களின் ஆசாரத்தைவிடக் கடுமையானது. வேறு ஆட்களின் சட்டிபானையில் சமைத்ததை ஆசாரக்காரர் வாயில் வைக்கமாட்டார்கள். லைபோவிச் தங்கள் கோயிலுக்குப் பண்டிகை நாளில் மட்டும் போகிற மனிதர், எத்தனையோ சட்டத்தைக் காற்றில் விட்டவர். ஆனால் இதை விடவில்லை. பால் சேர்க்காத தேத்தண்ணி, அதுவும் காகிதக் கோப்பையில் என்றால் குடிப்பாராம். இவர் ஓடிப்போய் எதிரே இருந்த தெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஒரு கட்டுக் காகிதக் கோப்பை வாங்கிவந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் லைபோவிச்சுக்கு எங்கள் கடையில் தேத்தண்ணி. சாப்பாடு மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. அந்தக் கோப்பைப் பழக்கம் செத்துப்போன தன் தாய்க்காக என்று பிறகொருநாள் சொன்னார். அதற்குப் பிறகு நானும் அதைப் பற்றிப் பகிடி விடுவதில்லை.

லைபோவிச் பேசுவது இங்கிலீஷ், கோபம் வந்தால் பிரெஞ்சு. இவர் பேசுவது இரண்டிலும் சேராத ஒன்று. வாசிக்கிறவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று எல்லாரையும் எங்கள் தமிழிலேயே கதைக்கவிடுகிறேன்.

ஒரு பனிக்காலக் காலை. இவர் வடை சுட்டபடி தன் பழைய முதலாளியின் றோமாபுரிப் புராணத்தைத் தொடங்கினார். லைபோவிச் கோப்பையை வைத்தார்.

"றோமாபுரி எப்பிடி வந்தது எண்டு எங்களிட்டை எல்லோ கேக்கவேணும். அவங்கள் வந்து எங்கட கோயிலை எரிச்சவங்கள். அடிச்சவன் மறந்துபோவான், அடிவாங்கினவன் மறக்கமாட்டான்."

"அப்ப சொல்லுங்கோ அண்ணை," என்றார் இவர்.

லைபோவிச் சொன்ன கதை இது. சாலொமோன் ராசா எகிப்து ராசாவின் மகளைக் கலியாணம் செய்த அன்று, காபிரியேல் என்ற தேவதூதன் இறங்கிவந்து கடலுக்குள் ஒரு நாணல் தடியைக் குத்தினானாம். தடியைச் சுற்றிச் சேறு சேர்ந்தது, சேறு திட்டாகியது. அந்தத் திட்டில்தான் பிறகு றோமாபுரி எழும்பியது.

"ஒரு பிழையான கலியாணத்தாலை ஒரு பட்டினமே முளைச்சிருக்கு," என்றார் இவர்.

"ஓம். நல்லா விளங்கிக்கொண்டீர்."

அதோடு விடவில்லை. அந்தத் திட்டில் முதலில் குடிசை போட்டவர்களுக்குக் குடிசை நிற்கவில்லையாம். போடப் போட விழுந்ததாம். அப்போது அப்பா கோலோன் என்று ஒரு கிழவன், கிழக்கே ஓடுகிற யூப்ரடீஸ் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து இந்த மண்ணோடு குழைத்தால்தான் நிற்கும் என்றான். யார் கொண்டுவருவது என்று கேட்டதற்குத் தானே போகிறேன் என்றான். வைன் சுமக்கிற கூலியாள் மாதிரி வேஷம் போட்டு ஊர் ஊராய் நுழைந்துபோய்த் தண்ணீரைக் கொண்டுவந்தான். அதைக் குழைத்துக் கட்டின குடிசை நின்றது. அப்பா கோலோன் இல்லாத ஊர் ஒரு ஊரே இல்லை என்று அதற்குப் பிறகு சனங்கள் சொல்லத் தொடங்கினார்களாம்.

இவருக்கு அந்தக் கிழவனை நன்றாகப் பிடித்துவிட்டது. கேட்ட அன்றே கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் சொன்னார். "அப்பிடிப் பாத்தால் மொன்றியல் நிக்கிறது எங்கட ஆக்கள் பெட்டியிலை காவிவந்த மிளகாய்த்தூளிலை," என்று நானும் ஒன்று சொன்னேன். யார் என்னைக் கவனித்தார்கள்?

அடுத்த நாள் லைபோவிச் கேட்காமலே தொடர்ந்தார். றோமர் யாருடைய வழி என்ற கதை. ஈசாக்குக்கு இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் ஏசா, சிவந்த உடம்பு, வேட்டைக்காரன். இளையவன் யாக்கோபு, வீட்டோடு இருக்கிறவன், யூதருடைய மூதாதை. ஒருநாள் ஏசா காட்டிலிருந்து பசியில் விழப்போகிற மாதிரி வருகிறான். தம்பி சிவப்புப் பருப்புக் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் தா என்று அண்ணன் கேட்க, உன் மூத்தபிள்ளை உரிமையைத் தந்தால் தருகிறேன் என்கிறான் தம்பி. பாண் ரொட்டியும் பருப்பும் வாங்கித் தின்றுவிட்டு உரிமையைக் கொடுத்துப் போய்விடுகிறான் அண்ணன். அந்த ஏசாவின் பேரன் ஒருவன் மேற்கே போய் ராசாவானானாம். அந்த வழிதான் றோமர் என்பது யூதருடைய பழங்கதை.

"முதுசொத்தைப் பருப்புக்கறிக்கோ வித்தவன்?" இவருடைய அகப்பை அந்தரத்தில் நின்றது. "எங்கட ஊரிலை ஒரு முழ வேலிக்குக் கோடு ஏறி வழக்காடுறவங்கள்."

"வித்தவன்தான்."

"அப்ப இத்தாலிக்காரர் உங்களுக்குப் பெரியப்பா பிள்ளையள். உங்கட சண்டை பங்காளிச் சண்டை."

லைபோவிச் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். "ஓம், அண்ணன் தம்பிதான். அதாலைதான் இன்னும் முடியேல்லை."

இவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் ஆனந்தராசா இல்லையே. "ஒண்டு கேக்கிறன் அண்ணை. பசிச்சு வந்தவனை, முதல் இருந்து சாப்பிடு எண்டு அந்த வீட்டிலை ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

லைபோவிச்சின் முகம் மாறியது. "எங்கட பெரியவை யாக்கோபிலை பிழை சொல்லமாட்டினம். நீர் வடையைப் பாரும், கருகுது."

வடை உண்மையிலேயே கருகிப்போயிருந்தது. அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து லைபோவிச் இவரை "அப்பா கோலோன்" என்றுதான் கூப்பிட்டார். இங்கே கேட்டதை அங்கே காவுகிற மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

லைபோவிச்சுக்கு ஒரே மகள், நவோமி. பள்ளிக்கூடம் விட்டு வந்து தகப்பனுக்குத் தெரியாமல் எங்கள் வடையைத் தின்று வளர்ந்தவள். இப்போது பல் வைத்தியர். எங்களை அங்கிள், அன்ரி என்பாள். தாய் எஸ்தர் தவறி நான்கு வருடம். அந்தச் செத்தவீட்டுக்கு நாங்களும் போனோம். ஏழு நாளும் வாசல் கதவு பூட்டாமல் கிடந்தது. தகப்பனும் மகளும் பதிந்த பலகைகளில் இருந்தார்கள். சமைத்த சாப்பாடு எங்களிடம் வாங்கமாட்டார்கள் என்பதால் அப்பிளும் தோடம்பழமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு வந்தோம். அவர்கள் அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்கிற அளவுக்கு நாங்கள் நிற்கவில்லை.

போன வசந்தகாலத்தில் நவோமி ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் கட்டப்போகிறவன். பெயர் டாரியோ, சென்-லெயோனார் பக்கத்து இத்தாலிக் குடும்பம். இவர் சந்தோஷத்தில் தனக்குத் தெரிந்த இத்தாலியைப் பேசப்போனார். நான் காலை மிதித்து நிறுத்தினேன்.

அதன் பிறகு லைபோவிச்சின் கதை நின்றுவிட்டது. காலையில் வருவார், குடிப்பார், போவார். இவர் வாய் கிண்டிக் கிண்டிக் கடைசியில் ஒருநாள் லைபோவிச் சொன்னார்.

"என்ரை அப்பாவின்ரை தங்கச்சி ஒருத்தி வேறை சமயத்து ஆளைக் கட்டினவ. அப்பா தரையிலை இருந்து ஏழு நாள் துக்கம் காத்தவர். மாமி உயிரோடை ரொறன்ரோவிலை இருந்தவ. எங்கட வீட்டிலை செத்துப்போயிட்டா. அவவின்ரை பேரைப் பிறகு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நீங்களும் அப்பிடியோ செய்யப்போறியள்?"

"நான் தரையிலை இருக்கமாட்டன். என்ரை பிள்ளை அவள். ஆனா அந்தக் கலியாண விருந்துக்கும் போகமாட்டன். சாலொமோனுக்கே அந்தக் கலியாணத்தாலை நாணல் தடி முளைச்சுது. நான் ஒரு திறப்பு வெட்டுறவன்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற ஒரே பிள்ளைக்கு முன்னால் ராசாவும் நாணலும் என்ன? இவருக்கு என்னை விட விளக்கம் கூட. "அந்த மனுசனுக்குப் பயம்," என்றார். "எஸ்தரும் இல்லை, இவளும் போனால் தங்கட வழி தன்னோடை முடிஞ்சுபோகும் எண்டு பயம்."

பிறகு நவோமி தனியாக வந்தாள். நகரசபையில் கலியாணப் பதிவு, அன்று பின்னேரம் சின்ன இத்தாலி என்கிற பகுதியில் ஒரு மண்டபத்தில் விருந்து. சாப்பாடு எங்களுடையது வேண்டுமாம். இறைச்சி வைத்தால் அவளுடைய பக்கத்தில் பாதிப்பேர் தொடமாட்டார்கள், மரக்கறி என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும் என்று அவளுடைய கணக்கு.

"என்ன கறி எண்டு நீங்களே முடிவு செய்யுங்கோ அங்கிள். எனக்கு வடை இருந்தால் போதும்," என்றாள். பிறகு மேசையைத் துடைக்கிற துணியை எடுத்து, துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். "அப்பாவுக்கு என்ரை பக்கத்திலை ஒரு கதிரை போடுவன். அவர் வராட்டி அது வெறுமையா இருக்கும். வேறை ஆரையும் அதிலை இருக்கவிடமாட்டன்."

அவள் போன பிறகு இவர் ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். அன்று தொடங்கின தூது. தினமும் ஒரு நியாயம் கொண்டுபோவார். ஒருநாள், பெரியப்பா பிள்ளைகளோடு எத்தனை காலத்துக்குக் கோபம் என்று கேட்டார். இன்னொருநாள், எங்கள் சொந்தத்துக்குள்ளேயே சாதி பார்த்துக் கலியாணவீட்டுக்குப் போகாமல் நின்றவர்கள் பிறகு பேரப்பிள்ளையின் படத்தை அடுத்தவரின் போனில் பார்த்த கதையைச் சொன்னார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். லைபோவிச் நகரவில்லை.

கடைசியில் இவர் கேட்டது சின்ன விஷயம். "சாப்பிட வேண்டாம் அண்ணை. விருந்து எண்டே நினைக்கவேண்டாம். நான் அங்கை தேத்தண்ணி போடுவன். வழமை மாதிரி வந்து குடியுங்கோ. நான் காகிதக் கோப்பை கொண்டுவாறன்."

விருந்து நாளன்று நாங்கள் சாமான் ஏற்றுகிற நேரம் லைபோவிச் கோட்டும் சூட்டுமாக வந்து வாசலில் நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதக் கோப்பையை எடுத்துக் காட்டினார். "நீர் மறந்துபோவீர் எண்டு தெரியும்," என்றார். இவர் மறந்துதான் போயிருந்தார்.

சோறு, வடை, கத்தரிக்காய்க் குழம்பு, பாயாசம் எல்லாம் கடையில் எங்களோடு வேலைசெய்கிற ரதீசனின் வான் வண்டியில். எங்கள் காரில் ஒரேயொரு சட்டி, இவருடைய மடியில், துவாயால் சுற்றிக் கட்டினபடி. சிவப்பு மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப்பால் விட்டது. பருப்பில்லாமல் கலியாணமா என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள் அல்லவா? அந்தப் பருப்பை வேறு யார் கையிலும் இவர் கொடுக்கமாட்டார். காலையில் நான் ருசி பார்த்து உப்புக் காணாது என்றேன். வழமையான பதில் கிடைத்தது. கார் ஓடினது நான். பின்சீற்றில் லைபோவிச் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் உள்வீதியால் போய்ச் சேர்ந்துவிட்டோம். ரதீசன் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டான். மொன்றியலில் கோடைகாலம் என்றால் வீதியெல்லாம் திருத்தவேலை என்று ஓறஞ்சுக் கூம்புகள் முளைக்கும், வேலை செய்கிற ஆளை மட்டும் காணக் கிடைக்காது. "அக்கா, அசையேலாமல் நிக்கிறன்," என்று போன் எடுத்தான்.

மண்டபத்தில் தகப்பனைக் கண்டதும் நவோமி எழும்பி ஓடிவந்தாள். கட்டிப்பிடிக்கிறதா விடுகிறதா என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருடைய கோட்டின் கொலரைச் சரிசெய்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அந்தக் கதிரையில் இருத்தினாள். எனக்குக் கண் கலங்கியது. எதிரே டாரியோவின் தகப்பன் நுன்ஸியோ, தரைக்குக் கல் பதித்து ஓய்வெடுத்த மனிதர், பெரிய கைகள். எழும்பி வணக்கம் சொன்னார். லைபோவிச் தலையை மட்டும் அசைத்தார்.

சோறு வரவில்லை. சனம் பசியோடு பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாரும், பருப்பைக் குடுப்பம்," என்றார் இவர்.

"சும்மா இருங்கோ. ஆக்கப் பொறுத்தனாங்கள், சோறு வருமட்டும் பொறுக்கேலாதோ?"

"பாணோடை தொட்டுச் சாப்பிடட்டும். பசிச்ச சனத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது."

இவர் சின்னக் கிண்ணங்களில் பருப்பை ஊற்றி, முதல் கிண்ணத்தை மணப்பெண்ணுக்கும் இரண்டாவதை அவளுடைய தகப்பனுக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்தார். வெறும் பருப்பு, பக்கத்தில் பாண்.

நவோமி கிண்ணத்தைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக எழும்பினாள்.

"இதுக்குத்தானோ வந்தனீங்கள் அப்பா?"

லைபோவிச் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அம்மாவைத் தாட்டுப்போட்டு வந்த அண்டைக்கு எங்களுக்குத் தந்தது பருப்பு. துக்கம் காக்கிறவைக்கு முதல் சாப்பாடு பருப்பு எண்டு நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தந்தனீங்கள். உங்கட சினேகிதரைக் கொண்டு அதையே சமைப்பிச்சு, அவரோடையே வந்து என்ரை பக்கத்திலை இருக்கிறியள். மாமிக்குத் தரையிலை இருந்தினம். எனக்குக் கதிரையிலையோ?"

டாரியோ எழும்பி அவளுடைய தோளைப் பிடித்தான். நுன்ஸியோவும் எழும்பிவிட்டார். லைபோவிச் மெல்லத் திரும்பி என் மனுசனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். தான் சொன்ன பருப்புக் கதையைக் காவிக்கொண்டுபோய், தன் பிள்ளைக்கு முன்னால் தன்னையே அவமானப்படுத்திவிட்டான் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

இவருக்கு வாழ்க்கையில் முதல்தடவை வாய் எழவில்லை. அகப்பையைப் பிடித்தபடி நின்றார். நான்தான் விலாவில் இடித்தேன்.

"பிள்ளை, அவருக்குத் தெரியாது," என்றார் இவர். "சட்டிக்குள்ளை என்ன எண்டே அவர் கேக்கேல்லை. எங்கட ஆக்களுக்குப் பருப்பில்லாமல் கலியாணம் இல்லை. இலையிலை நெய்யும் பருப்பும் போட்டால்தான் அது கலியாணவீடு. எனக்கு அது மட்டும்தான் தெரியும். செத்தவீட்டுச் சாப்பாடு எண்டு தெரிஞ்சால் இந்தக் கையாலை வைப்பனோ? இது சின்னப்பிள்ளையிலையிருந்து நீர் வடை திண்ட கை."

"என்ன பிழை?" என்றார் நுன்ஸியோ. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வருசப்பிறப்புக்கு நாங்கள் பருப்புத் தின்னுறனாங்கள். காசு மாதிரி வட்டமா இருக்கு. வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரும்."

நவோமி நின்றபடியே நின்றாள். லைபோவிச் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் பேசத்தொடங்கினார்.

"யாக்கோபு அண்டைக்கு ஏன் பருப்புக் காய்ச்சினவன் தெரியுமே? அண்டைக்குத்தான் பாட்டன் ஆபிரகாம் செத்தவர். தகப்பன் ஈசாக்கு துக்கத்திலை இருக்கிறார். அவருக்கெண்டு காய்ச்சின பருப்பு அது. எங்கட ஆக்கள் சொல்லுற கதை அப்பிடி." ஒரு மூச்சு விட்டார். "ஏசாவுக்கும் அவர் பாட்டன்தானே. அவனுக்கும் அது செத்தவீடு. பசியோடை வந்தவனுக்கு நாங்கள் விலை சொன்னனாங்கள். அப்பா கோலோன், நீர் அண்டைக்கு ஒண்டு கேட்டனீர். நான் வடையைப் பார் எண்டு சொன்னனான்."

அவர் எழும்பினார். வந்து இவருடைய கையிலிருந்த அகப்பையை வாங்கினார். நுன்ஸியோவின் கிண்ணத்தை எடுத்து, நிறையப் பருப்பு ஊற்றி, அவருக்கு முன்னால் வைத்தார். டாரியோவுக்கும் அப்படியே.

"இருங்கோ," என்றார். "இருந்து சாப்பிடுங்கோ. விலை இல்லை."

நுன்ஸியோ இருந்தார். ஏன் இந்த மனிதர் இவ்வளவு கஷ்டப்பட்டு இதைச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பெரிய கையால் பாணைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்று தலையாட்டினார்.

லைபோவிச் மகளிடம் திரும்பினார். "எனக்குத் துக்கம் இருக்கு நவோமி. இல்லை எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா அது நீ செத்துப்போன துக்கம் இல்லை. நீ இருக்கிறாய். நான் உன்ரை பக்கத்திலை இருக்கிறன்."

சட்டைப்பையிலிருந்து காகிதக் கோப்பையை எடுத்தார். அதற்குள் ஒரு அகப்பை பருப்பு ஊற்றினார். இத்தனை வருடம் எங்கள் அடுப்பில் வெந்த ஒரு பருக்கைகூட வாயில் வைக்காத மனிதர், நின்ற நிலையில் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு வாய் குடித்தார். இவர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். லைபோவிச் விழுங்கினார், யோசித்தார், இன்னொரு வாய் குடித்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

நவோமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினவள் அப்படியே அழுதாள். அந்த நேரம் பார்த்து ரதீசன் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று, ஆர் செத்தது என்று கேட்டான். அவனை யாரும் கவனிக்கவில்லை. நான் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு போனேன். என்னுடைய கையிலிருந்து நவோமி அதை வாங்கி, தகப்பனுடைய காகிதக் கோப்பைக்குள் தானே போட்டாள். பிறகு தன் கிண்ணத்துக்குள்ளும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள்.